தண்ணீரிலும் எழுந்த குன்று

ஓர்ஸ் ஹில்லில் குடியிருக்கும் கமலேஸ்வரிக்குத் துறைமுகத்தடி காஸ் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை. உலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து, சோடாக் கம்பனிகளுக்கு சிலிண்டரில் அடைத்து விற்கிற இடம் அது. அமீன் என்ற கரைசல் வாயுவை உறிஞ்சும், சூடாக்கினால் விட்டுவிடும். சூடு மிஞ்சினால் கரைசலே சிதைந்து குழாய்களை அரிக்கும்.

சிதைந்ததா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. கரைசலை வடித்த தண்ணீரில் கலந்து, ஊசியால் ஒரு சொட்டு மெசினுக்குள் விடுவாள். மெசின் பொருட்களைப் பிரிக்க, பேனா தாளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குன்று கீறும்; பொருள் கூடினால் குன்றும் உயரும். பெண் பார்க்க வந்தவர்களிடம் தாய் இதை விளக்கினாள். பிள்ளை சித்திர ரீச்சர் என்று அவர்கள் நினைத்துக்கொண்டு போனார்கள்.

எண்பத்தொன்றில் ஒரு நாள் சிதைவுக் குன்று தாளின் விளிம்பைத் தொட்டது. எஞ்சினியர் அருளம்பலம், கொதிகலன் பார்க்கும் இராசதுரை சூட்டை மிஞ்ச விட்டு நித்திரை கொண்டிருக்கிறான் என்று முடிவு செய்தார். சம்பளமில்லாமல் ஒரு மாத இடைநிறுத்தம். இராசதுரையின் மகளுக்கு அந்த மாதம்தான் ஈச்சிலம்பற்றில் கலியாணம்.

ஒப்பிட்டுப் பார்க்கவென்று கமலேஸ்வரி உடைக்காத பீப்பாய் ஒன்றைத் திறந்து புதுக் கரைசலை விட்டாள். அதே குன்று. பிறகு வெறும் தண்ணீரை விட்டாள். அதற்கும் குன்று.

தண்ணீர் எங்கே பிடித்தது என்று ஸ்டோர் பக்கீர் நானாவிடம் கேட்டாள். பற்றரிக் கடையில் வாங்கும் வடித்த தண்ணீர் முடிந்துவிட்டதாம், கிணறு உவராம். கரைசலைச் சூடாக்கும் கோபுரத்தின் உச்சிக் குழாயில் சொட்டுவதைப் பிடித்து வைத்தாராம்.

"ஆவி குளிர்ந்த தண்ணிதானே மிஸ். வடிச்ச தண்ணி எண்டா வேறென்ன?"

அந்த ஆவியோடு நுரைத்துக்கொண்டு பழைய கரைசலும் வந்திருந்தது.

கமலேஸ்வரி எஞ்சினியரிடம் போய், தாளை நம்ப வேண்டாம் என்று சொன்னாள். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் கடைத் தண்ணீர் வாங்குவித்து, முதல் பார்த்த கரைசலையே அதில் கலந்து விடச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்தார். குன்று இறங்கியது. பாதிக்குத்தான் இறங்கியது. அருளம்பலம் நீதியான மனிதர். அடிமட்டம் வைத்து அளந்து, தண்டனையையும் பாதியாக்கினார்.

மாலை இராசதுரை ஆய்வுகூட வாசலில் வந்து நின்றார்.

"மிச்சப் பாதிக்கும் ஒரு தண்ணியைக் கண்டுபிடியுங்கோ, பிள்ளை."

"ஏலாது அண்ணை," என்றாள் கமலேஸ்வரி. "அது உங்கட."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு கலியாணத்துக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்.