தனக்கோடி அளந்து பார்த்த மூன்று

ஜோகுபாளையத்திலிருந்து பீன்யாவுக்கு இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறவள் தனக்கோடி. வயிற்றுக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் கைக்கருவி செய்கிற சின்னக் கம்பெனி அது. கருவியின் சிப்புக்கு புரோகிராம் எழுதுவது அவள் வேலை. அவள் டிப்ளமோ மட்டுமே படித்தவள் என்பதை ஆபீஸில் யாரும் சொல்லிக்காட்டியதில்லை, மறந்ததுமில்லை.

போன வருஷம் புதுக் கருவி திணறியது. தாயின் மூச்சையும் வயிற்று இரைச்சலையும் வடிகட்டித் துடிப்பை மட்டும் தர சிப்புக்கு நேரம் போதவில்லை. சத்தம் விட்டுவிட்டு வந்தது.

"பெரிய சிப் போட்டுடலாம்," என்றார் மேலாளர் கணேசமூர்த்தி.

"பேட்டரி தாங்காது சார். கரண்ட் போற ஊர்லதான் இது வேணும். நான் அசெம்பிளில கையாலயே எழுதிப் பாக்கறேன்."

"கம்பைலரை விட நல்லா எழுதிடுவியாம்மா?" கேலியில்லை, நிஜமாகவே கேட்டார். நாம் எழுதுவதைச் சிப்பின் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர்தான்; அதோடு யாரும் மல்லுக்கு நிற்பதில்லை.

மூன்று வாரத்தில் புரோகிராமின் மூன்று பகுதிகளை அசெம்பிளியில், அதாவது சிப்பின் கட்டளைகளாகவே, எழுதினாள். பிறகு தன்னுடையதையும் கம்பைலர் தந்ததையும் ஓடவிட்டு அளந்தாள். முதல் பகுதியில் கம்பைலர் ஜெயித்தது. இரண்டாவதிலும் அதுவே. அவளுக்குத் தோன்றவே தோன்றாத வரிசையில் கட்டளைகளை அடுக்கியிருந்தது. முகம் சுண்டிப்போயிற்று.

மூன்றாவது, வடிகட்டி. அங்கே கம்பைலர் ஒவ்வோர் எண்ணாகப் பெருக்கிக்கொண்டிருந்தது. இரண்டு பெருக்கலைச் சேர்த்துச் செய்து கூட்டியும் விடுகிற ஒரு கட்டளை அந்தச் சிப்பில் உண்டு. கம்பைலருக்கு அது பிடிபடவில்லை, அவளுக்குப் பிடிபட்டது. நாற்பத்தொரு வரி. நேரம் பாதிக்கும் கீழே இறங்கியது.

மீட்டிங்கில் மூன்று அளவுகளையும் திரையில் போட்டாள். "இந்த ரெண்டையும் தூக்கிட்டேன் சார். கம்பைலரே நல்லா பண்ணுது. வடிகட்டி மட்டும் என்னோடது இருக்கட்டும்."

"தோத்ததை எதுக்குக் காட்டறீங்க? யாரும் கேக்கலையே," என்றான் பக்கத்து மேஜை ரித்விக்.

"அளக்காம இருந்திருந்தா மூணுலயும் நான்தான் ஜெயிச்சேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சிருப்பேன் ரித்விக்."

கணேசமூர்த்தி அந்த அளவுகளைத் தாளில் எடுத்துத் தரச் சொன்னார். தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் சந்தாபுரா பக்கத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் கருவியைப் பரிசோதித்தார்கள். நர்ஸ் ருக்மிணி ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தியின் வயிற்றில் அதை வைத்தாள். டக்டக், டக்டக் என்று இடைவெளி விடாமல், துல்லியமாக வந்தது துடிப்பு.

"யாரு சார் இதைச் செஞ்சது?"

"இவங்க," என்று தனக்கோடியைக் காட்டினார் கணேசமூர்த்தி.

தனக்கோடி நிமிர்ந்து நின்றாள். படுத்திருந்த பெண்ணோ யாரையும் பார்க்கவில்லை. நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "எடுக்காதீங்கக்கா, இன்னும் கொஞ்ச நேரம் கேக்கறேன்," என்றாள்.