கலங்கலை மூடியவன் எழுதுவது

கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது போன் வந்தது. பச்சையம்மாளின் மகன். "அம்மா தவறிட்டாங்க சார். விடியக்காலம் நெஞ்சு வலின்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." என்றான். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல், "நேத்து சாயங்காலம் கூட என்னைத் திட்டினாங்களேப்பா" என்றேன். பூங்கா பெஞ்சில் வெற்றிலை எச்சில் துப்பியவனைக் கண்டும் காணாமல் நடந்ததற்காக வாங்கிய திட்டு அது. அவன் அழுதுகொண்டே சிரித்துவிட்டான். நான் ஷட்டரை இறக்கிவிட்டு ஏரிக்கரைக்கு நடந்தேன்.

செஞ்சி ஏரிப் பூங்காவில் காலையில் நடக்கிறவர்களுக்கும், கரைக்குக் கீழே காலனியில் குடியிருப்பவர்களுக்கும் அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அரசு மருத்துவமனை லேப்பில் ரத்தம் எடுத்து எடுத்தே பாதி ஊரின் கை நரம்பு அத்துப்படியானவர். ஓய்வு பெற்ற பிறகு காலனி மகளிர் சங்கத் தலைவி. நான் பஜாரில் பாத்திரக் கடை வைத்திருப்பவன். நடைப்பயிற்சிச் சங்கச் செயலாளர். பூங்காவை இரண்டு சங்கங்களும் சேர்ந்து பராமரிப்பது என்று ஏற்பாடு. சேர்ந்து என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். அவர்கள் குப்பை அள்ளுவார்கள், நாங்கள் போட்டோ எடுத்துக்கொள்வோம்.

முதல் சண்டை பூட்டால் வந்தது. காலை ஒன்பது மணிக்கு மேல் பூங்கா கேட்டைப் பூட்டிவிட வேண்டும் என்று நாங்கள் தீர்மானம் போட்டோம். காலனிக்காரர்கள் பஸ் ஸ்டாண்டுக்கும் ரேஷன் கடைக்கும் அந்தக் கரை மேல்தான் போகிறார்கள் என்பது எங்கள் மண்டையில் ஏறவே இல்லை. பச்சையம்மாள் கூட்டத்துக்குத் தனியாக வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். "இன்னா கடைக்காரரே, உங்களுக்கு இது வாக்கிங். எங்களுக்கு வழி. வழிக்கு யாராச்சும் பூட்டு போடுவாங்களா?" என்றார். தீர்மானத்தை அங்கேயே கைவிட்டோம். எனக்கு மூக்கறுபட்ட மாதிரி ஆகிவிட்டது. ஒரு மாதம் அவரைக் கண்டால் வேறு பக்கம் திரும்பி நடந்தேன்.

அடுத்தது நடைபாதை. கரை நெடுக ஒரே மட்டமாகப் பாதை வேண்டும் என்பது எங்கள் சங்கத்தாரின் ஆசை. குறுக்கே கலங்கல் இருந்தது. ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் ஓடைக்கு வழிந்துபோகிற அந்தத் திறப்பு பல வருஷமாகக் காய்ந்து கிடந்தது. மண்ணைக் கொட்டி மூடி, மேலே சிமென்ட் கல் பதித்தோம். எல்லோர் கண்ணிலும் படும் இடம் என்று கல்வெட்டையும் அங்கேயே நட்டோம். நன்கொடை கொடுத்தவர்கள் வரிசையில் முதல் பெயர் என் நைனாவுடையது.

வேலை நடக்கும்போது பச்சையம்மாள் வந்து நின்றார். "மழை புடிச்சு ஏரி ரொம்பினா தண்ணி எங்க போவும்?"

"அதெல்லாம் இன்ஜினியர் பாத்துட்டாரு. அடியில பைப் போட்டிருக்குது. ஒண்ணும் ஆவாது" என்றேன்.

எந்த இன்ஜினியரையும் நான் கேட்கவில்லை. பைப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. திறப்பு விழாவுக்கு ஆள் அழைத்தாயிற்று, வேலை நின்றுவிடக் கூடாது என்ற அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். "நீங்க சொன்னா சரி. எங்க ஜனங்களாண்ட சொல்லிடறேன்" என்று பச்சையம்மாள் போனார்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. கோட்டை மலையில் பெய்வதெல்லாம் எங்கள் ஏரிக்குத்தான் வரும். மூன்றாம் நாள் மத்தியானம் ஓடிப் போய்ப் பார்த்தால், கரை தாழ்ந்த இடத்தில் தண்ணீர் ஏறி வழிந்து காலனிக் கீழ்த்தெருவுக்குள் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். தையல் வேலை செய்யும் விஜயா பச்சையம்மாளின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"நீதானக்கா ஒண்ணும் ஆவாதுன்ன! உன் பேச்ச நம்பித்தான சாமானெல்லாம் உள்ளயே வெச்சிருந்தேன்! செவுரு ஊறிப் போச்சே!"

நான் பத்தடி தள்ளிக் குடையோடு நின்றிருந்தேன். பச்சையம்மாள் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆமாண்டி, நான்தான் சொன்னேன். தப்பு என்னுது. இப்ப கடப்பாரை எங்க இருக்குதுன்னு பாரு" என்றார்.

ஆறேழு பேர் கடப்பாரையோடு கல்வெட்டுக்கு முன்னால் வந்தபோது நான் குறுக்கே போய் நின்றேன். "ஆபீஸ்ல கேக்காம ஒடைச்சா கேஸ் ஆயிடும்!" என்று கத்தினேன். காலடியில் கரை சொதசொதவென்று இளகிக்கொண்டிருந்தது. அது உடைந்தால் மொத்த ஏரியும் தெருவுக்குள்தான் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் நின்றேன்.

"கடைக்காரரே, கல்லுல உங்க நைனா பேரு இருக்குது. கீழ எங்க புள்ளைங்க இருக்குது. நகருங்க" என்றார் பச்சையம்மாள். குரலை உயர்த்தவில்லை.

நகர்ந்தேன். கல்லைச் சாய்த்து மண்ணை வெட்டித் தள்ள அரை மணி நேரம் ஆயிற்று. தண்ணீர் முதலில் விரல் அகலத்துக்குக் கசிந்தது. பிறகு செம்மண்ணை அரித்துக்கொண்டு ஓடைப் பக்கம் பாய்ந்தது. கரை தப்பித்தது. விஜயா வீட்டுப் பின்சுவர் தப்பிக்கவில்லை. அவருடைய தையல் மெஷின் அதற்கடியில் நசுங்கிப் போனது.

பாதையை உடைத்தது யார் என்று விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். "நான்தான்" என்று பச்சையம்மாள் எழுதிக் கொடுத்தார். கலங்கலை மூடியது யார் என்று கேட்டதற்கு, "ரெண்டு சங்கமும் சேந்துதான் சார்" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே டீக்கடையில் கேட்டேன்: "என் பேரை ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னா ஆவும்? உங்காளுங்க ஒரு பக்கம், எங்காளுங்க ஒரு பக்கம் பூடுவாங்க. அடுத்த மழைக்குக் கரையில நிக்க ஆளு வேணுமில்ல?" என்றவர், டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "விஜயாவாண்ட மட்டும் நீங்களே ஒருநாள் சொல்லிடுங்க. அவ என்னோட பேசறதில்ல."

சொல்கிறேன் என்றேன். இரண்டு மழைக்காலம் போய்விட்டது. இப்போது ஐப்பசிக்கு முன்பே இரண்டு சங்கத்தாரும் சேர்ந்து கலங்கலைத் தூர்வாருகிறோம். நடப்பதற்கு அதன் மேல் சிறு பாலம் போட்டாயிற்று. கல்வெட்டைத் திரும்ப நட வேண்டாம் என்று நானே சொன்னேன். என்ன பெருந்தன்மை என்று எனக்குக் கூட்டத்தில் சால்வை போட்டார்கள். பச்சையம்மாளும் கை தட்டினார். விஜயாவிடம் மட்டும் நான் போகவில்லை.

சாவு வீட்டுக்கு எதிர்ச்சாரியில் விஜயா நின்றார். உள்ளே வரச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். "வரல. அவங்க பேச்ச நம்பித்தான் நான் தெருவுல நின்னேன்" என்றார். சொல்லும்போதே அழுதுகொண்டிருந்தார். கையில் மாலையோடு நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. சீ, என்ன மனுஷன் நான்!

நேரில் பேசினால் திரும்பவும் சப்பைக்கட்டு கட்டிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதி அச்சடித்து, இரண்டு சங்கத்தாருக்கும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் பிரதியை விஜயா வீட்டுக்கு நானே எடுத்துப் போகிறேன்.

விஜயாம்மா, ஒன்றும் ஆகாது என்று சொன்னது நான். யாரையும் கேட்காமல் சொன்ன பொய். பச்சையம்மாள் அதை நம்பித்தான் உங்களிடம் சொன்னார். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அவர் மேல் உங்களுக்கிருந்த கோபத்தைத்தான். எனக்கு வர வேண்டியதை அவர் சாகும்வரை வாங்கிக்கொண்டிருந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வாருங்கள். அவர் படத்துக்கு ஒரு பூ வையுங்கள். பிறகு வெளியே வந்து என்னைக் கேளுங்கள். வாசலிலேயே நிற்கிறேன்.