உதவியாளர் அருகில் இருக்கிறாரா?

தினமும் காலையில் பல் தேய்த்து முடித்ததும் நான் ஒரு பொய் சொல்கிறேன். மனிதர்களிடம் அல்ல, என் படுக்கையறையில் நிற்கும் ஓர் இயந்திரத்திடம். ஸ்விட்சைப் போட்டதும் அதன் திரையில் ஒரு கேள்வி வரும்: உதவியாளர் அருகில் இருக்கிறாரா? ‘ஆம்’ என்று தொட்டால்தான் அது வேலையைத் தொடங்கும். நெதர்லாந்தில், வாய்க்காலோரத்து மூன்றாம் மாடி வீடு ஒன்றில் தனியாக இருப்பவள் நான். ஆம் என்று தொட்டுவிட்டு டீ குடிக்க உட்காருவேன்.

அது வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வதற்கான சிறிய இயந்திரம். ஆஸ்பத்திரியில் நிற்பதில் பாதிகூட இருக்காது, கட்டிலோரத்தில் அடங்கிவிடும். அதை வடிவமைக்கும் குழுவில் நானும் ஒருத்தி. வீட்டில் வைத்தால் என்னென்ன தொந்தரவு வருகிறது என்று தெரிந்துகொள்ள ஆளுக்கொன்றைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அலுவலகத்தின் ஏற்பாடு. நோயாளிக்குப் பதிலாக ஒரு வாளித் தண்ணீர். இரத்தம் வர வேண்டிய குழாய் வாளியிலிருந்து வந்து வாளிக்கே திரும்பும். ஓடுகிற நேரம் முழுக்க பக்கத்தை விட்டு நகரக் கூடாது. ஒரு வாளிக்குக் காவலாக நான் உட்கார்ந்திருப்பேன். வெயில் அபூர்வமாக எட்டிப் பார்க்கிற நாட்களில் ஜன்னல் வழியாகச் சைக்கிள்காரர்களைப் பார்த்து வயிறெரிவதும் உண்டு.

கீழ் வீட்டுப் பெண்மணி இந்த இயந்திரத்துக்கு வரும் அட்டைப்பெட்டிகளைப் பார்த்து எனக்குத்தான் சிறுநீரகம் போய்விட்டது என்று முடிவு செய்துவிட்டார். ஒருநாள் ஒரு பாத்திரம் நிறையப் பட்டாணி சூப்போடு வந்து கதவைத் தட்டினார். “ஸ்டெர்க்தெ” என்றார். வலிமை உண்டாகட்டும் என்று பொருள். நோயாளிகளிடம் இங்கே சொல்வது. என் அரைகுறை டச்சில், இது வேலைக்காக, நோய் எனக்கில்லை, ஊரிலிருக்கும் என் அண்ணனுக்கு என்று விளக்கினேன். ஒரே குடும்பத்தில் இரண்டு பேரா என்று அவர் கண் கலங்கிவிட்டார். பக்கத்தில் யாருமில்லாவிட்டால் தான் வந்து உட்காருவதாகவும் சொன்னார். அன்றிலிருந்து என் குப்பைப் பையை அவர்தான் கீழே கொண்டுபோகிறார். அவரை எதிரே பார்த்தால் நானும் கொஞ்சம் தளர்ந்து நடக்க வேண்டியிருக்கிறது.

என் ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துப் பாறசாலை. நெய்யாற்றின்கரையில் என்னைத் தமிழச்சி என்பார்கள், நாகர்கோவிலில் மலையாளத்தி என்பார்கள். இரண்டு பக்கமும் முழுசாகச் சேர்த்துக்கொள்ளாததால் மூன்றாவது ஊர் ஒன்றும் பெரிதாகப் பயமுறுத்தவில்லை. ஆனால் நான் வந்தது பிழைப்புக்காக மட்டுமல்ல. அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில் பக்கத்திலிருந்து பார்த்தது நான்தான். இனி ஒரு கட்டிலோரத்தில் போய் உட்கார மாட்டேன் என்ற வீம்பிலேயே படித்தேன், அந்த வீம்பிலேயே விமானமும் ஏறினேன். இப்போது பாருங்கள், தினமும் கட்டிலோரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன், அதில் படுக்க ஆளில்லாமல்.

அண்ணன் ஜெயசிங் டைல்ஸ் போடுகிறவர். பக்கத்து ஊரான செங்கலில் அவர் கை படாத வீடு குறைவு. சிறுநீரகம் கெட்ட பிறகு முட்டி போட்டு வேலை செய்ய முடிவதில்லை. வாரத்தில் மூன்று நாள் விடியுமுன் கிளம்பி, அண்ணியோடு, எங்கள் ஊர்ப் பேச்சில் மயினியோடு, பஸ் பிடித்து நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது நானும் கூடப் போனேன். எடை பார்த்த நர்ஸ், “வெள்ளம் எத்ர குடிச்சு?” என்று மலையாளத்தில் அதட்டினாள். எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்கிறாள், அளவு மீறக் கூடாது. ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் போட்ட இடத்தில் சர்பத் குடித்துவிட்ட என் அண்ணன், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊசி குத்திய கையோடு நாலு மணி நேரம். திரும்பி வந்தால் அன்றைக்கு முழுக்க எழுந்திருக்க மாட்டார். அவரைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது.

எங்கள் குழுவில் அப்போது ஒரு தகராறு நடந்துகொண்டிருந்தது. எங்கள் வரைபடத்தில் நோயாளி கட்டிலில் படுத்திருப்பார். பக்கத்தில் சாம்பல் நிறத்தில், முகமில்லாமல், ஓர் ஆள் நிற்கும். அதுதான் உதவியாளர். ஊசி குத்தவும் இரத்த அழுத்தம் குறைந்தால் கவனிக்கவும் பழகிய வீட்டு ஆள். இந்த ஊர்க்காரர்கள் அந்த உருவத்தைத் தங்கள் உயரத்துக்கு வரைந்து, திரையையும் அதற்கேற்ப மேலே வைத்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் ஸ்டூல் போட்டுத்தான் தொட வேண்டும் என்று நான் சண்டை போட்டிருந்தேன். அதனால் அந்தப் பயணத்தில் லீலா மயினியைக் கதவு நிலையோடு நிறுத்தி, அவருடைய தையல் டேப்பாலேயே உயரமும் கை எட்டும் தூரமும் அளந்துகொண்டேன். சுரிதார் தைக்கவா என்று சிரித்தார் மயினி. பிறகு தெரியும் என்றேன். இங்கே வந்து சண்டையில் ஜெயித்தேன். இப்போது திரை இருக்கும் உயரம் லீலா மயினியின் நெஞ்சுக்கு நேர்.

கிணற்றுத் தண்ணீரும் மின்வெட்டும் உள்ள ஊர்களில் சில வீடுகளில் வைத்துப் பார்க்கலாம் என்று கம்பெனி முடிவெடுத்ததும் அண்ணன் பெயரைச் சொன்னேன். அவருடைய டாக்டரும் சரி என்றார். அண்ணன் உடனே பின்கட்டு அறையில் வேலையை ஆரம்பித்துவிட்டார். ஆஸ்பத்திரி போகாத நாட்களில், பலகை போட்டு உட்கார்ந்து, தானே டைல்ஸ் ஒட்டினார். வீடியோவில் கூப்பிட்டுத் தரையைக் காட்டினார். “தண்ணி கெட்டி நிக்காது மக்கா. ஓரத்துல சரிவு விட்டிருக்கேன். உனக்க மெஷின் வந்து நிக்க வேண்டியதாக்கும் பாக்கி.” அவர் முகத்தில் அப்படி ஒரு களை பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. பின்னால் நின்ற மயினி மட்டும் அடுக்களைக்குள் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து மயினியே கூப்பிட்டார். பின்னால் தையல் மெஷின்களின் சத்தம் கேட்டது.

“தைக்க வாற பெண்ணுககிட்ட எப்படி வேணும்ணு கேட்டுட்டாக்கும் நான் டேப்பத் தொடுவேன்” என்றார். “நீ எனக்க அளவெல்லாம் எடுத்திட்டுப் போனியே மக்கா, எனக்கு வேணுமாண்ணு ஒரு வார்த்தை கேட்டியா?”

பிறகு நிதானமாகச் சொன்னார். வீட்டில் என்றால் வாரத்தில் ஐந்து நாளாவது செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஊசியும் மயினி, காவலும் மயினி, துடைத்து வைப்பதும் மயினி. அது ஓடும்போது வெளியே போக முடியாது. இப்போதோ, அண்ணனை நர்ஸ்களிடம் விட்டுவிட்டு ரோட்டைக் கடந்து ஒரு தையல் கடைக்குப் போகிறார். கடைக்காரம்மா அவருக்கென்று ஓரமாக ஒரு இடம் கொடுத்திருக்கிறாள். எனக்கு அதுவரை அது தெரியாது. மயினி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

“இங்க எனக்கும் ஒரு மெஷின் உண்டு. அந்த நாலு மணிக்கூர் ஆரும் என்னைய கூப்பிடமாட்டாவ” என்றார் மயினி. “அவருக்கு அதுதான் நல்லதுண்ணு எனக்குத் தெரியும். வேண்டாம்ணு நான் சொல்லல்ல. நீ வந்து நில்லு, மெஷினும் வரட்டும்.”

யோசித்துச் சொல்கிறேன் மயினி என்றேன். அதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான் போகமாட்டேன் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேலையை விட்டுவிட்டுப் போனால் அண்ணனுக்காகப் பேசி இயந்திரத்தை அனுப்ப இங்கே ஆளில்லை. போகாவிட்டால் அதை இயக்க அங்கே ஆளில்லை. சம்பளத்துக்கு ஒரு நர்ஸைப் போடலாமே என்று குழுவில் ஒருவர் எளிதாகச் சொன்னார். நானும் ஊரில் விசாரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து ஊசி குத்தப் பழகியவர்கள் வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை.

அண்ணனிடம் மயினியே விஷயத்தைச் சொல்லிவிட்டார். அண்ணன் கோபப்படவில்லை. அவள் சொல்வதும் நியாயம்தான் என்றார். பிறகு, “எனக்க தரையில, எனக்க கட்டில்ல கிடந்து ஒருநாளு அதச் செய்யணும்ணு ஒரு ஆசை உண்டு மக்கா, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு, மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எங்கள் மூன்று பேரில் யார்மேலும் கோபப்பட முடியவில்லை.

அந்த அறையைப் பூட்டவில்லையாம். ஊரில் காலியாக ஒரு அறை இருந்தால் தேங்காயோ விறகோ ஒரு வாரத்தில் ஏறி உட்கார்ந்துவிடும். இந்த அறையில் மயினியும் ஒன்றும் வைக்கவில்லை, அண்ணனும் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகுமுன் மயினி அந்தத் தரையைத் துடைத்துவிட்டுப் போகிறார்.

இன்று காலையும் வாளியை நிரப்பி வைத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். கேள்வி வந்தது. குனிந்தால்தான் எனக்குத் திரை நேராகத் தெரியும், அது என்னைவிடக் குட்டையான மயினியின் உயரம். முதல்முறையாக ‘இல்லை’ என்பதைத் தொட்டேன். திரை ஒருகணம் வெளுத்து, அடுத்த வரி வந்தது. நோயாளி பதற்றப்படாத வகையில் மென்மையாக இருக்க வேண்டும் என்று பலமுறை திருத்தி, நானே எழுதிக் கொடுத்த வரி. உதவியாளர் வரும்வரை காத்திருக்கவும். நான் கட்டிலோரத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன்.