எங்கள் நாய் கடிக்கவில்லை

இந்தக் கதையை எங்கே சொன்னாலும் யாராவது ஒருவர் சிரிப்பார். "நாய்க்கு வக்கீலா நீங்க?" என்பார். ஆமாம், வக்கீல்தான். ஃபீஸ் வாங்காத வக்கீல். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில், விலங்கியல் ஆய்வகத்தில் நான் உதவியாளர். பாடம் நடத்துகிறவள் இல்லை. மண்டை ஓடுகளைத் தூசி தட்டி, கழன்ற பல்லைப் பசை போட்டு ஒட்டி, எது எந்த மிருகம் என்று சீட்டு எழுதி அலமாரியில் அடுக்கி வைக்கிறவள். நாய், நரி, காட்டுப்பூனை, கீரி எல்லாம் என் கையில் வருஷக்கணக்காகப் புழங்குகின்றன. மாணவர்கள் சீட்டைப் படித்துப் பேர் சொல்வார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு பல்லைத் தடவியே சொல்லிவிடுவேன். இதில் எனக்குத் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் ஊர் திட்டக்குடிக்கு மேற்கே. அங்கே என் தம்பி குடும்பத்தோடு இருக்கிறான். அவன் வீட்டு நாயைக் குட்டியாகக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். அண்ணாமலை நகரில் ஒரு விடுதிக்குப் பின்னால் கிடந்ததைக் கட்டைப்பைக்குள் வைத்து, கண்டக்டருக்குத் தெரியாமல் மூன்று பஸ் மாறிக் கொண்டுபோனேன். அதனால் ஊரில் அதற்குக் "காலேஜ் நாய்" என்றே பேர். பெரிய தலை, அகலமான வாய். ஒரு தடவை பைக்கில் அடிபட்டு, கீழ்வரிசையில் இடது பக்கக் கோரைப்பல் வேரோடு போய்விட்டது.

ஒரு சனிக்கிழமை காலை தம்பி போன் செய்தான். குரலே சரியில்லை.

"அக்கா, எதுத்த ஊட்டு மாமாவோட ஆடு நாலு செத்துப்போச்சி. பட்டிக்குள்ள பூந்து எதுவோ கடிச்சிருக்குது. நம்ம நாயின்னு சொல்றாங்க. சாயந்தரம் பால் சொசைட்டிகிட்ட கூடுறாங்களாம். நாய ஒப்படைக்கணுமாம்."

"ஒப்படைச்சா?"

"அடிச்சிடுவாங்க."

பிறகு, "நம்ம ஊட்டுக்குக் கூறு குடுக்கலக்கா" என்றான்.

அதைச் சொல்லும்போதுதான் அவன் குரல் உடைந்தது. எங்கள் தெருவில் ஆடு இப்படி அடிபட்டுச் செத்தால், உயிர் போய் நேரமாவதற்குள் அறுத்துக் கறியைக் கூறு போட்டுவிடுவார்கள். தெருவில் எல்லா வீடும் ஒரு கூறு எடுத்தாக வேண்டும். ஆட்டைப் பறிகொடுத்தவருக்குக் கை கொடுப்பது அது. வேண்டாம் என்று ஒதுங்குகிறவன் மனுஷனே இல்லை. அப்படிப்பட்ட தெருவில் ஒரு வீட்டைத் தாண்டிக்கொண்டு கூறு போயிருக்கிறது என்றால், அந்த வீட்டைத் தள்ளி வைத்தாயிற்று என்று அர்த்தம். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நாயைத் தொடக்கூடாது, நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு விருத்தாசலம் பஸ்ஸைப் பிடித்தேன்.

போய்ச் சேரும்போது மத்தியானம். தம்பி நாயைக் கட்டிலின் காலில் கட்டிப்போட்டிருந்தான். அது என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. நடந்ததைத் தம்பி ஒன்றுவிடாமல் சொன்னான். விடிந்ததும் முதலில் கிளம்பியது சிறுத்தை. முந்திரித் தோப்பில் சிறுத்தை பதுங்கியிருக்கிறது என்று ஒருவன் வாட்ஸப்பில் எந்த நாட்டுச் சிறுத்தை படத்தையோ போட்டுவிட, பால் ஊற்ற வந்தவர்கள் கேனோடு வீட்டுக்கு ஓடினார்களாம். அப்புறம் நரி என்றார்கள். வனத்துறையிலிருந்து ஒருவர் வந்தார். செத்துக் கிடந்ததை ஒரு பார்வை பார்த்தார். "சிறுத்தையுமில்ல, நரியுமில்ல. நாய்தான்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார். நாய் என்றதும் தெருவே திரும்பி எங்கள் நாயைப் பார்த்திருக்கிறது. அதன் வாயில் ரத்தம்.

"ஏண்டா ரத்தம்?"

"கொடல கொட்டுன எடத்துல போயி மேஞ்சிருக்குதுக்கா. தெருவுல இருக்குற அத்தன நாயும்தான் தின்னுச்சி. நம்மளுது மட்டும் அவுங்க கண்ணுல பட்டுச்சி."

பட்டியைப் போய்ப் பார்த்தேன். வலையடித்த பட்டி. ஒரு மூலையில் வலை கிழிந்திருந்தது. தரையில் ஒரு காலடித் தடம் கிடையாது. சாவு விழுந்த இடமென்று சாணி கரைத்துத் தெளித்து, வழித்துப் பெருக்கி, மஞ்சள் தண்ணியும் விட்டிருந்தார்கள். செத்த ஆடுகள் தெருவில் வீட்டுக்கு வீடு குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தன. கடித்தது எது என்று சொல்லக்கூடிய சாட்சி எல்லாவற்றையும் ஊரே சேர்ந்து கழுவி, நறுக்கி, மசாலா போட்டுவிட்டது. இனி சாயந்தரம் தீர்ப்பு வேறு சொல்வார்களாம்.

தோல் மட்டும் வெந்திருக்காது என்று தோன்றியது. எங்கள் பக்கத்தில் அறுக்க வருகிற பாய்க்குத்தான் தோல் போகும். ஊர்க் கோடியில் அவர் கொட்டகை. போனபோது உப்பு மூட்டைக்கு மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நான் அறுத்தது ஒன்னுதான் தங்கச்சி. அதுக்குத்தான் உசுரு இருந்துச்சி. மத்த மூணும் செத்துப்போச்சி, நான் கத்தி வெக்கல. உங்க ஆளுங்களே வெட்டிக்கினாங்க. தோலு நாலும் இங்கதான் கெடக்குது. ஓட்ட ஜாஸ்தி, கடைக்காரன் எடுக்கமாட்டான். வேணுமின்னா எடுத்துக்கினு போ."

தோல்களைத் திருப்பிப் போட்டு உப்பை உதறினேன். வெளியே மயிர் மறைத்துவிடும், உள்பக்கம் மறைக்காது. பல் இறங்கிய ஒவ்வொரு இடத்திலும் ரத்தம் கட்டிக் கருத்திருந்தது. பின்னந்தொடையில், விலாவில், மடிக்குப் பக்கத்தில். சிறுத்தை என்றால் நேராகக் கழுத்தைப் பிடிக்கும், ஒன்றையாவது தூக்கிக்கொண்டு போகும். நரி குட்டியைத்தான் தேடும்; வளர்ந்த ஆடு நாலை அடித்து, ஒரு வாய் தின்னாமல் போட்டுவிட்டுப் போகாது. கண்ட இடத்தில் கடித்து, துரத்தித் துரத்திக் கொன்று, தின்னாமல் போகிற புத்தி நாய்க்குத்தான். வனத்துறைக்காரர் சொன்னது சரி.

அந்த நிமிஷம் நானே எங்கள் நாயைச் சந்தேகப்பட்டேன் என்பதை மறைக்கப்போவதில்லை. நம் நாயாகவே இருந்துவிட்டால்? உட்கார்ந்து ஓட்டைகளை எண்ணினேன். நன்றாகப் பதிந்த கடி எல்லாமே மேலே இரண்டு, கீழே இரண்டு, ஆக நாலு ஓட்டை. ஒரு கடியில்கூட மூன்று இல்லை. எங்கள் நாய் கடித்திருந்தால் மூன்றுதான் விழும், அதற்குக் கோரைப்பல்லே மூன்றுதான். கொட்டகையில் சாத்தியிருந்த விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு உருவி, மேல் ஓட்டை இரண்டுக்கும் நடுவில் வைத்து அளவுக்கு ஒடித்தேன். எல்லாக் கடியையும் அளந்து முடித்தபோது இரண்டு அளவுதான் வந்தது. ஒன்று நீளம், ஒன்று குட்டை. இரண்டு நாய். வீட்டுக்கு ஓடிவந்து எங்கள் நாயின் வாயைத் திறந்து வைத்துப் பார்த்தேன். நீளமான ஈர்க்குகூட அதன் மேல்பல் இரண்டுக்கும் நடுவில் எட்டவில்லை. சுண்டுவிரல் அகலத்துக்குக் குறைந்தது. நாயைக் கட்டிக்கொண்டு அழுதேன். தம்பி பொண்டாட்டி பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும்.

சாயந்தரம் நாலு தோலையும் சாக்கில் சுருட்டிக்கொண்டு, நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பால் சொசைட்டிக்குப் போனேன். தம்பி தயங்கித் தயங்கிப் பின்னால் வந்தான். ஆட்டுக்கார மாமா சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் தெரு ஆம்பளைகள். இரண்டு பேர் கையில் தடி. அத்தை, அதாவது மாமாவின் மனைவி, கொஞ்சம் தள்ளிச் சுவரோரமாக நின்றாள். ஆடுகளை மேய்த்ததும் வளர்த்ததும் அவள்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவள் காலடியில் பட்டியைக் காவல் காக்கிற அவர்கள் வீட்டுச் செவலை நாய் படுத்திருந்தது.

"வாம்மா," என்றார் மாமா. "நாய கொண்டாந்துட்ட. நல்லதாப் போச்சி."

"கொண்டாந்தது குடுக்கறதுக்கில்ல மாமா. காட்டுறதுக்கு."

தோல்களைத் தரையில் உள்பக்கம் மேலாக விரித்தேன். உப்பு நாற்றத்துக்கு நாலு பேர் மூக்கைப் பிடித்தார்கள். "மத்தியானம் மூக்க புடிக்காம தின்னீங்கில்ல, இப்பவும் பாருங்க" என்றேன். யாரோ முணுமுணுத்தார்கள். கடி ஒவ்வொன்றாகக் காட்டினேன். நாலு நாலு ஓட்டையாக எண்ணச் சொன்னேன். பிறகு எங்கள் நாயின் உதட்டைத் தூக்கி மூன்று பல்லையும் காட்டினேன். ஈர்க்கை வைத்து, எட்டாததையும் காட்டினேன்.

"நாய்க்கு வக்கீலுக்குப் படிச்சிருக்குது பாரு" என்று தடிக்காரன் ஒருவன் சிரித்தான்.

"நீ எதுக்குப் படிச்சிருக்க? கட்டிப்போட்ட நாய அடிக்கிறதுக்கா?"

மாமா எழுந்து வந்து, குனிந்து, தானே ஈர்க்கை வைத்துப் பார்த்தார். நேர்மையான மனுஷர். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது இல்லப்பா" என்றார். தம்பி அப்போதுதான் மூச்சு விட்டான்.

நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் குணம் அப்படி இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று காலையிலிருந்து ஒரு வீட்டைத் தள்ளி வைத்திருக்கிறார்களே என்ற ஆத்திரம் அடங்கவில்லை.

"இப்ப கூப்பிடுங்க எல்லா நாயையும்! தெருவுல ஒரு நாயி பாக்கியில்லாம வாயத் தொறந்து பாப்போம். ஆளு பொய் சொல்லும், பல்லு பொய் சொல்லாது!"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லார் வீட்டிலும் நாய் இருந்தது. தடி வைத்திருந்தவர்கள் வீட்டிலும் இருந்தது.

அத்தை சுவரை விட்டு வந்தாள். என் கையிலிருந்த ஈர்க்குகளை வாங்கினாள். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிச் செவலைக்கு முன்னால் குந்தி, அதன் வாயைக் கட்டைவிரலால் விலக்கினாள். நாய் அவளை நம்பி வாயைத் திறந்து கொடுத்தது. நான் பக்கத்தில் நின்றதால் எனக்கு மட்டும் தெரிந்தது. நீளமான ஈர்க்கு இரண்டு பல்லுக்கும் நடுவில் அளவெடுத்துச் செய்தமாதிரி உட்கார்ந்தது. அத்தையின் கை அங்கேயே நின்றது. பட்டிக்குக் காவல் என்று குட்டியிலிருந்து சோறு போட்டு வளர்த்த நாய்.

எழுந்தாள். ஈர்க்குகளை ஒடித்து மடியில் செருகிக்கொண்டாள்.

"இதுவுமில்ல" என்றாள்.

"சரியாப் பாத்தியா?" என்றார் மாமா.

"செத்தது நான் வளத்த ஆடு. நான் பாத்துட்டேன், போதும். இனிமே எவனும் எந்த நாயி வாயிலயும் கைய வெக்க வாணாம். எங்கியோ திரியிற நாயிங்க வந்து கடிச்சிட்டுப் போயிருக்குது. நாலு உசுரு போச்சி. அஞ்சாவதா ஒன்னு எதுக்குய்யா உங்களுக்கு? தடியத் தூக்கினு ஊட்டுக்குப் போங்க."

மாமா என்னைப் பார்த்தார். "ஏம்மா, நீதான் பக்கத்துல நின்ன. அவ சொல்றது சரியா?"

கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. அத்தை மட்டும் பார்க்கவில்லை. செவலை அவள் காலை நக்கிக்கொண்டிருந்தது.

"சரிதான் மாமா. அதுவுமில்ல" என்றேன்.

இரண்டு நாள் கழித்து அத்தை வீட்டு நாயின் கழுத்தில் சங்கிலி ஏறியது என்று தம்பி சொன்னான். பட்டிக்கு வலைக்குப் பதிலாகக் கம்பி போட்டார்களாம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பல் விஷயத்தில் நான் பொய் சொன்னது அந்த ஒரு தடவைதான். மறுபடியும் என்னை அதே இடத்தில் நிறுத்திக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.