படகில் வைத்த ஐந்தாவது தட்டு

பூச்சி, நீ அட்வான்ஸ் கட்டி வைத்திருந்த படகுக்குப் போய் வந்துவிட்டோம்.

போனில் இருக்கிற உன் பயணப் பக்கத்திலேயே எழுதுகிறேன். போன இடத்துக்கெல்லாம் பஸ் காசு, நேரம், தூரம் என்று நீ இதில் எழுதுவாய். "அடுத்து போறவங்களுக்கு உதவும்மா" என்பாய். அண்ணன் தினேஷ் திறந்து தந்தான். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள், பிழை இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பூச்சி என் மகள். பல்லேகலயில் உடுப்புத் தைக்கிற கார்மெண்ட் கம்பெனியில் வேலை செய்தாள். போன ஐப்பசியில் காய்ச்சல் வந்து கண்டியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், திரும்பி வரவில்லை. அதற்கு முன்னமே, அப்பாவுக்கு அறுபது வயதாகிறதென்று போனஸ் காசில் விக்டோரியா நீர்த்தேக்கத்தில் ஓடுகிற ஒரு தங்கும் படகில் ஐந்து பேருக்கு இடம் பிடித்திருந்தாள். விஷயத்தைச் சொன்னபோது, காசு திரும்பாது, வேண்டுமானால் தேதி மாற்றித் தருகிறோம் என்றார்கள். மாசி மாதத்துக்கு மாற்றினோம். நாலு பேர்தான் வருவோம் என்று தினேஷ் போனில் இரண்டு தடவை சொன்னான்.

சாவு விழுந்து வருஷம் திரும்பாத வீட்டார் உல்லாசம் போகக் கூடாது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எதிர் லய வரிசைச் செல்லம்மா அக்கா கேட்டே விட்டார்: "என்னடி, வருசம் திரும்பல, அதுக்குள்ள கப்பல் கேக்குதோ?"

உன் அப்பா சும்மா இருப்பாரா? "எம் மக கட்டுன காசு. ஆசையா இருந்தா நீயும் வா செல்லம்மா, சட்டி கழுவ ஆள் வேணுமாம்" என்றார்.

அவருக்குக் காசு வீணாகக் கூடாது. எனக்கு வேறு காரணம். உன்னைக் கண்டியிலேயே எரித்து, கெட்டம்பேயில் மகாவலி ஆற்றில் கரைத்தோம். அந்தத் தண்ணீர் பொல்கொல்லை அணை தாண்டி விக்டோரியாவுக்குத்தான் போய் நிற்கிறது என்று தினேஷ் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. ஓடுகிற தண்ணீரில் விட்டால் கடலுக்குப் போய்விடும் என்றுதானே விட்டோம்? நிற்கிற தண்ணீரில் நீ என்ன செய்கிறாய், நிம்மதியாக இருக்கிறாயா என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அதற்குத்தான் போனேன்.

தெல்தோட்டையிலிருந்து காலை ஏழே காலுக்கு கலஹா வழி பஸ். கண்டிக்குக் கிட்டத்தட்ட முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணித்தியாலம் எடுத்தது. கெட்டம்பே வந்ததும் உன் அப்பா ஆற்றுப் பக்கம் பார்க்காமல் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கண்டியில் ரொட்டியும் தேத்தண்ணியும் சாப்பிட்டு, தெல்தெனிய பஸ் ஏறி திகனையில் இறங்கினோம். இடையில் பல்லேகல வரும். உங்கள் கம்பெனி வாசலில் பஸ் நின்று நாலைந்து பிள்ளைகள் ஏறினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திகனையிலிருந்து படகுத்துறைக்கு த்ரீவீலருக்கு எண்ணூறு ரூபாய். அறுநூறுக்கு வந்திருக்கலாம் என்று மருமகள் கலா சொல்கிறாள்.

இரண்டு மணிக்கு ஏற்றுவதாகச் சொன்னார்கள். படகு கரைக்கு வரும்போது மூன்றரை. நிழலில்லை, உட்காரக் கதிரை இல்லை. செவ்விளநீர் தருவதாக விளம்பரப் படத்தில் போட்டிருந்தது, தந்தது ஒரேஞ்சு கோடியல் கரைத்த தண்ணீர். என் கோப்பையில் யாருடைய உதட்டுச் சாயமோ இருந்தது. குடும்ப அறை என்றால் ஒரே அறை, வரிசையாக ஐந்து மெத்தை. காற்றாடி சுற்றவில்லை. குழாய்த் தண்ணீர் கலங்கல். ஐந்தில் ஒன்றைக் குறைக்கச் சொன்னோமே என்று தினேஷ் மேனேஜரிடம் கேட்டான். "ஆ, ஹரி ஹரி, நாங்க பாக்குறது" என்று சிங்களத்தில் சரி சரி போட்டுத் தலையாட்டிப் போனவரை அதற்குப் பிறகு நாங்கள் காணவில்லை.

எங்களோடு ஏறியது கொழும்புக் குடும்பம் ஒன்று மட்டும். புருஷன், பெண்சாதி, இரண்டு சின்னப் பையன்கள். சிங்களவர்கள்.

படகு போகப் போகக் கரை விலகியது. மழை இல்லாத காலம், தண்ணீர் இறங்கியிருந்தது. செத்த மரங்களின் நுனி அங்கங்கே நீட்டிக்கொண்டு நின்றது. ஓரிடத்தில் எஞ்சினை நிறுத்தினார்கள். கீழே பழைய தெல்தெனிய டவுன் இருக்கிறது, கடை, வீடு, கோயில் எல்லாம் அணை கட்டியபோது மூழ்கிப் போனது, தண்ணீர் இன்னும் வற்றினால் சுவர் தெரியும் என்றார்கள். பார்த்துவிட்டு எஞ்சினை முடுக்கினால் அது பிடிக்கவில்லை. முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றோம்.

அந்த நேரத்தை எப்படிச் சொல்வது? காற்று இல்லை. ஒரு காக்கை இல்லை. தோட்டத்தில் எந்த நேரமும் ஏதாவது சத்தம் இருக்கும். இங்கே படகின் அடியில் தண்ணீர் மோதுகிற சத்தம் மட்டும். அதுவும் அலை மாதிரித் தொடர்ந்து வரவில்லை. இரண்டு தட்டு, கொஞ்சம் சும்மா, பிறகு இரண்டு தட்டு.

"யாரோ கதவத் தட்டுற மாதிரி இருக்கு அத்தை" என்றாள் கலா.

"வாய மூடிட்டு இரு" என்றான் தினேஷ்.

தேத்தண்ணி கேட்டு மணியை அடித்தோம். யாரும் வரவில்லை. தினேஷ் சமையலறை வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தான். அரை மணி கழித்துப் பரிமாறுகிற முஸ்லிம் நானா வந்தார், மடவளைக்காரர். தட்டில் ஒரே ஒரு கோப்பை. பால் ஊற்றாத, ஆவி பறக்கிற பிளேன்டீ. எங்கள் நாலு பேரையும் தாண்டிப் போய், ஆளில்லாத ஐந்தாவது கதிரைக்கு முன்னால் வைத்தார். இஞ்சி வாசம் வந்தது.

"நானா, நாங்க நாலு கேட்டோம். இது யாருக்கு?" என்றார் உன் அப்பா.

"மேல நிண்ட தங்கச்சி தானே சொன்ன. இஞ்சி போட்டு ஒண்டு, கீழ எங்கட அம்மாட மேசையில வைங்க எண்டு."

"எந்தத் தங்கச்சி?"

"உங்கட ஆள் தானே" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். எங்கள் நாலு தேத்தண்ணியும் கடைசிவரை வரவில்லை.

"அந்தக் கொழும்புப் பொம்பள சொல்லியிருக்கும்" என்றான் தினேஷ்.

"அவங்க தமிழ் பேசவே இல்லயே" என்றாள் கலா.

நீ இஞ்சி இல்லாமல் குடிக்க மாட்டாய். கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் உன் அப்பா எடுத்து மடமடவென்று குடித்துவிட்டார். "ஆறிப்போகும்ல" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

இராச் சாப்பாடு ஏழு மணி என்றார்கள், எட்டு தாண்டியது. சோறு ஆறிக் கட்டியாகியிருந்தது. பருப்பில் உப்பு இல்லை. கோழிக்கறி எங்கள் மேசைக்கு வரும்போது எலும்பும் குழம்பும்தான். மேசையில் ஐந்து தட்டு. ஒன்றை எடுங்கள் என்றேன், எடுத்துப் போனார்கள். நாங்கள் கை கழுவி வருவதற்குள் மறுபடி ஐந்து. கலா அந்தத் தட்டில் ஒரு பிடி சோறு வைத்தாள். அவள் நல்ல பிள்ளை.

எல்லாத்துக்கும் தினேஷ் ஒரே காரணம் சொன்னான்: "கவனிப்பு சரியில்லம்மா. பழைய புக்கிங்க பாத்துட்டு மாத்தாம விட்டுட்டாங்க." அப்படித்தான் இருக்கும். எனக்கும் அப்படியே நினைக்க ஆசைதான். ஆனால் காலையில் நாங்கள் பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்தால், எங்கள் நாலு படுக்கையும் நாங்கள் எழுந்தபடியே சுருண்டு கிடந்தன. யாரும் படுக்காத அந்த ஐந்தாவது மெத்தைக்கு மட்டும் புது விரிப்புப் போட்டு, ஓரம் மடித்து, சுருக்கமில்லாமல் வைத்திருந்தது. கவனிப்பு இல்லாத படகில் ஒருத்திக்கு மட்டும் கவனிப்பு.

நானாவைத் தேடிப் போய்க் கேட்டேன். "அந்தத் தங்கச்சி எப்படி இருந்தா?"

"முகம் வடிவாப் பாக்கல்ல அம்மா. வெயில் கண்ணுல அடிச்ச. என்ன, சண்டையா? பேசாம வேற இடத்துலயா இருக்கா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல?

பத்தரைக்குக் கரைக்கு வந்தோம். பனி இன்னும் தண்ணீர் மேல் கிடந்தது. இறங்குவதற்கு ஒரு பலகை மட்டும். படகுக்காரர் ஒருவர் கரையில் நின்று ஒவ்வொருவராகக் கை பிடித்து இறக்கினார். நான் கடைசி. என்னை இறக்கிவிட்டும் அவர் கையை மடக்கவில்லை. பலகைப் பக்கம் நீட்டியபடி நின்று, "தவ எக்கெனெக்?" என்றார். சிங்களத்தில் இன்னும் ஒருத்தரா என்று அர்த்தம்.

அந்த இடத்தில்தான் நான் அதைச் செய்தேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஆறு, அருவி, குளம் எதற்குப் போனாலும், கரையேறியதும் வீட்டுப் பெரிய பொம்பளை தண்ணீரைப் பார்த்து நின்று ஒவ்வொருத்தர் பேராகச் சொல்லி, வா வீட்டுக்குப் போவோம் என்று கூப்பிட வேண்டும். பயந்த மனசு தண்ணீரோடு நின்றுவிடக் கூடாதென்று. என் மாமியார் செய்தார், பிறகு நான். முப்பது வருஷப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிடும். உன் அப்பாவைக் கூப்பிட்டேன். தினேஷைக் கூப்பிட்டேன். கலாவைக் கூப்பிட்டேன். அதே மூச்சில், "பூச்சி, வா, வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

கலா என் கையைப் பிடித்துவிட்டாள். "அத்தை, என்ன செஞ்சீங்க!"

தண்ணீரில் கரைத்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கெட்டம்பேயில் திரும்பிப் பார்க்காமல் வந்தோமே, அது எதற்கு? நீ வழி போக வேண்டும் என்றுதானே? பெற்றவளே மறித்துவிட்டேன்.

தினேஷ் தலையில் கை வைத்துக்கொண்டான். அப்பாதான், "கூப்புட்டாச்சு. வந்தா வரட்டும், நம்ம புள்ளதானே" என்றார். அந்தப் படகுக்காரர் அப்போதுதான் கையைக் கீழே போட்டார். ஏன் அப்போது போட்டார் என்று நான் கேட்கவில்லை.

இனி, போக நினைக்கிறவர்களுக்கு. தலைக்குப் பதினாறாயிரம், அந்தக் காசுக்கு அந்தப் படகு பெறாது. போவதென்றால் பகல் மட்டும் போங்கள், தங்க வேண்டாம். தேத்தண்ணியை பிளாஸ்கில் கொண்டு போங்கள், பிள்ளைகளுக்குச் சோறும் கட்டிக்கொள்ளுங்கள். போர்வை, துவாய் உங்களுடையதாக இருக்கட்டும். திகனையில் த்ரீவீலர் விலையை முதலே பேசுங்கள். மகாவலியில் யாரையாவது கரைத்தவர்கள் வருஷம் திரும்பும்வரை போகாதீர்கள். போனால் கரையில் வாயைத் திறக்காதீர்கள்.

நம் கோயில் பூசாரியிடம் சொன்னேன். "கூப்புட்டா வந்திருக்கும். திருப்பி அனுப்ப ஒரு பூசை இருக்கு, எப்ப செய்வோம்?" என்றார். நான் இன்னும் நாள் சொல்லவில்லை. வீட்டில் ஒன்றும் இல்லை பூச்சி. கதவு ஆடவில்லை, பாத்திரம் உருளவில்லை, நாய் கூடக் குரைக்கவில்லை. செல்லம்மா அக்கா அதுதான் நல்லது என்கிறார். எனக்கு அதுதான் பயம். நீ இங்கே இல்லாவிட்டால் பூசை செய்து யாரை அனுப்ப? இங்கே இருந்தால் எந்த மனசோடு உன்னை வெளியே போ என்பேன்?

நான் கூப்பிட்டபோது நீ எங்களோடு இறங்கினாயா, பூச்சி?