இயந்திரத்துக்குப் புருவம் வைத்தேன்

முகம் வரைவதில் நான் கெட்டிக்காரி. அதை நினைத்தால் இப்போது எரிச்சல்தான் வருகிறது.

மந்தாரக்குப்பத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சராக இருக்கிறேன். என் வீட்டுக்காரர் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. கரி ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை வாரி மேலே போடும் வேலை. பதினாறு வருடம் வாரினார். போன வருடம் கான்ட்ராக்டர் மாறியதும் புதுப் பட்டியலில் இவர் பெயர் இல்லை. கேட்கப் போனவரைப் புதுக் கான்ட்ராக்டர் தலைநிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம்.

"என்னா சொன்னீங்க அவருகிட்ட?" என்று கேட்டேன்.

"பர்மனென்ட் இல்லதாங்க, அதுக்காக ஆளே இல்லீங்களா நானுன்னு கேட்டேன். ஃபோனப் பாத்துகினே இருந்தாரு."

அந்தச் சமயம்தான் பள்ளி ஆண்டு விழா வந்தது. பிள்ளைகளுக்காக ஒரு நாடகம் எழுதினேன். காலமெல்லாம் மண் வெட்டிய பெரிய சக்கர இயந்திரம் ஒன்றை, வயதாகிவிட்டது என்று பழைய இரும்புக்குப் போடப் போகிறார்கள். அவ்வளவுதான் கதை. அட்டையும் தெர்மகோலும் வைத்து ஆள் உயரத்துக்கு மேல் இயந்திரம் செய்தேன். ஒத்திகையில் ஒரு பிள்ளையும் அதை மதிக்கவில்லை. முதல் வரிசையில் இருந்த வாண்டு ஒன்று, "அது பேசுது மிஸ், ஆனா நம்மளப் பாக்கவே மாட்டேங்குது" என்றது.

வித்தை எனக்குத் தெரியும். கண்ணைப் பெரிதாக்கினேன், கொஞ்சம் கீழே இறக்கினேன். வாயைச் சிறிதாக்கினேன். உள்ளேயிருந்து நூலை இழுத்தால் புருவம் இரண்டும் நடுவில் தூக்கிக்கொள்ளும்படி வைத்தேன். மறுநாள் அதே பிள்ளைகள் அதன் கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றார்கள். பிழைத்தோம் என்று இருந்தது.

வசனம்தான் ஒன்று குறைந்தது. வீட்டிலேயே இருந்ததை எடுத்துக்கொண்டேன். நல்ல வசனம் கிடைத்த குஷியில் அது யாருடைய வயிற்றெரிச்சல் என்று நினைக்கத் தோன்றவில்லை. இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கப் பிள்ளைகளால் முடியாது. வீட்டில் சும்மா இருந்த அவரையே உள்ளே புகச் சொன்னேன். தாளைப் படித்துப் பார்த்தார். நூலை எப்போது இழுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் அந்தப் புதுக் கான்ட்ராக்டர். பள்ளிக்கு மைக் செட் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். முன் வரிசையில் நடு நாற்காலி. கடைசிக் காட்சியில் இயந்திரம் புருவத்தைத் தூக்கி, "பர்மனென்ட் இல்லதாங்க, அதுக்காக ஆளே இல்லீங்களா நானு?" என்றது. அரங்கம் அடங்கிவிட்டது. ஒரு பிள்ளை 'ஓ' என்று அழ ஆரம்பித்தது, பின்னாடியே பெரியவர்களும். கான்ட்ராக்டர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். நான் பார்த்தேன். உருகிய நேரத்தில் கேட்டால் நடக்கும் என்று பைத்தியக்காரி மாதிரி சந்தோஷப்பட்டேன்.

நாடகம் முடிந்ததும் இவர் இயந்திரத்துக்குள்ளிருந்து வெளியே வந்தார். சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. "போங்க, இப்பக் கேளுங்க" என்று முதுகில் கைவைத்துத் தள்ளினேன். கான்ட்ராக்டர் இயந்திரத்தின் தோளில் கைபோட்டு ஃபோட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"சார்..." என்றார் இவர்.

"கொஞ்சம் தள்ளி நில்லுப்பா, ஃபோட்டோல விழற" என்றார் கான்ட்ராக்டர்.

தள்ளி நின்றார். அவருக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். இயந்திரத்தின் மூக்கு நசுங்கிவிடப் போகிறதே என்று கத்திக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவினார். நான் பெயின்ட் டப்பாக்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். ஈர முகத்தோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் புருவத்த எனக்கும் வரைஞ்சி வுடு. நாளைக்கி அதோட போயி கேட்டுப் பாக்கறேன்."

சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் முகத்தை நீட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.