லாக்கர் கதவில் வரைந்தது

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நான் லண்டனில் பார்மசி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வீடு குட்மேய்ஸில். இலங்கையில், வன்னியில், அப்பாவின் தங்கையான மாமியின் குடும்பம் ஷெல்லடிக்குள் அகப்பட்டிருந்தது. அப்பா சாப்பிடும்போதும் போனைக் கீழே வைக்கமாட்டார்.

லாபில் எனக்கு ஜோடியாக வாய்த்தவள் ஒரு யூதப் பெண். பிறந்து வளர்ந்தது எல்லாம் வடக்கு லண்டன். கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் ஆறுமுனை நட்சத்திரம். வெள்ளிக்கிழமைகளில் பொழுது சாய்ந்து அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்குவதற்குள் அவள் வீடு போய்ச் சேரவேண்டும். குளிர்காலத்தில் லாப் முடிய முன்பே கிளம்பிவிடுவாள். குடுவைகளை நான் கழுவிவைப்பேன். என் கணக்குப் பிழைகளை அவள் திருத்துவாள். கல்லூரியில் மாமியைப் பற்றி விடாமல் விசாரித்தவள் அவள் ஒருத்திதான்.

அந்த ஜனவரியில் காஸாவிலும் போர் நடந்தது. மாணவர்கள் ஒரு விரிவுரை மண்டபத்தில் உட்கார்ந்து போராடினார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். காஸாவில் செத்த குழந்தைகளின் படங்களைப் பார்த்து அவளும் அழுதிருந்தாள். ஆனால் மண்டபத்துக்கு வரத் தயங்கினாள். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அடுத்த வாரம் விளங்கியது. காலையில் லாபுக்குப் போனால், அவளுடைய லாக்கர் கதவில் கறுப்பு மார்க்கரால் நாஜிகளின் சின்னம். கீழே ‘கொலைகாரி’ என்று ஒரு வார்த்தை. அவள் வருவதற்குள் அழித்துவிடலாம் என்று அசிட்டோனும் பஞ்சும் எடுத்துவந்தேன். அதற்குள் வந்துவிட்டாள். என் கையைப் பிடித்தாள்.

“துடைக்காதே. முதலில் போட்டோ எடுப்போம். இல்லையென்றால் யாரும் நம்பமாட்டார்கள்.”

முன்பே பழக்கப்பட்டவள் போல நிதானமாகச் சொன்னாள். அந்த நிதானம்தான் என்னைப் பயமுறுத்தியது.

இருவரும் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த பெண்மணி மரியாதையாகத்தான் பேசினார். எல்லோரும் கொதிப்பில் இருக்கிறார்கள், கொஞ்ச நாளைக்குச் சங்கிலியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டால் நல்லது என்றார். வேறு லாக்கர் தருவதாகவும் சொன்னார். வெளியே வந்ததும் அவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

“இஸ்ரேலில் எனக்கு ஓட்டுக்கூட இல்லை,” என்றாள். “நான் யாரைக் கொன்றேன்?”

போராட்டத்தை முன்நின்று நடத்தியவன் ஒரு பாலஸ்தீன மாணவன். போட்டோவை அவனிடம் காட்டினேன். அன்று மதியம் மண்டபத்தில் மைக்கை வாங்கி, இதைச் செய்தவர் இங்கே இருந்தால் எழுந்து வெளியே போகட்டும் என்றான். சிலர் கைதட்டினார்கள். இப்போது இதுதானா முக்கியம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். தினமும் என்னோடு சாப்பிடுகிற ஒருத்தியும் அவர்களில் இருந்தாள். வரைந்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

அவள் வேறு லாக்கர் வாங்க மறுத்துவிட்டாள். ஆனால் அந்த நடைபாதையில் தனியாகப் போவதை நிறுத்தினாள். நூலகத்தில் சுவருக்கு முதுகைக் கொடுத்துத்தான் உட்காருவாள். வகுப்பில் முதல் ஆளாகக் கேள்வி கேட்கிறவள், வாயே திறப்பதில்லை.

வீட்டில் சொன்னபோது அப்பா பயந்துபோனார். “உந்தப் பிரச்சினைக்குள்ள நீ போகாதை, பிள்ளை. எங்கட பாடே பெரும்பாடாக் கிடக்கு.”

பிறகு, வேலையிடத்தில் ஒருவன் தன்னைப் பார்த்து ‘நீயும் குண்டு வைக்கிற ஆளா’ என்று கேட்டதைச் சொன்னார். அதுவரை அம்மாவுக்குக்கூட அவர் அதைச் சொல்லியிருக்கவில்லை. எழுந்து போகும்போது, “அந்தப் பிள்ளையைத் தனிய விடாதை,” என்றார்.

ஒருநாள் யூத மாணவர்களின் மதிய விருந்துக்கு அவள் என்னைக் கூட்டிப்போனாள். வாசலில் ஒருவர் என் பையைத் திறந்து பார்த்தார். லாக்கர் விஷயத்துக்குப் பிறகா இந்தக் காவல் என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். சின்ன வயதில் அவள் படித்த யூதப் பள்ளியின் வாசலிலும் எப்போதும் காவல் நின்றதாம். எல்லாப் பள்ளிக்கூடமும் அப்படித்தான் என்று நினைத்திருந்தாளாம்.

கோடையில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாமி முகாமில் உயிரோடு இருப்பதாக அதற்குள் செய்தி வந்திருந்தது. யூத உணவு விதிப்படி எங்கள் பாத்திரங்களில் அவளால் சாப்பிட ஏலாது என்று அம்மாவுக்கு முன்பே சொல்லியிருந்தேன். பழம் வெட்டப் புதுக் கத்தி ஒன்று வாங்கிவைத்தார். “வீட்டுக்கு வந்த பிள்ளைக்குப் பேப்பர் பிளேட்டில குடுக்கிறதே?” என்று அம்மா கவலைப்பட்டபடியே மாம்பழம் வெட்டினார். அவள் கொட்டையையும் விடாமல் சூப்பினாள். அப்பா தன் தங்கையைப் பற்றி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அவளிடம் வெகுநேரம் பேசினார்.

அவள் நல்ல மார்க்கோடுதான் படிப்பை முடித்தாள். பட்டமளிப்பு விழாவுக்கு மட்டும் வரவில்லை. போனில் கூப்பிட்டு ஏன் என்று கேட்டேன். படிப்பு தனக்கு மிகவும் பிடித்திருந்தது, அந்தக் கல்லூரிக் கட்டிடத்துக்குள் இன்னொரு முறை நுழையத்தான் மனம் வரவில்லை என்றாள்.